பீரோக் கதவில் நாளைக் கணக்கு

இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை, பெட்டி நிறைய டின் மீனும் சாக்லேட்டும் கொண்டுவந்தாள். கூடவே ஒரு சட்டத்தையும் கொண்டுவந்தாள். மீனும் சாக்லேட்டும் ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டன. அந்தச் சட்டம் மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் செரிக்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாமாவுக்கு ஒரு சின்னத் தீவு நாட்டில் வேலை. மீன் பதப்படுத்துகிற கம்பெனியில் ஐஸ் பிளாண்ட் மெக்கானிக். உலகப் படத்தில் அந்த நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அத்தை மகள் பென்சில் முனையை ஓரிடத்தில் வைப்பாள். வைத்ததும் நாடு மறைந்துவிடும். நாடே அவ்வளவுதான் என்றால் மாமா குடியிருந்த தீவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. பக்கத்துத் தீவுக்குப் படகில் போக வேண்டும். மழைக்காலத்தில் படகு வந்தால் வந்ததுதான். அதனால் அத்தையே மகளை வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதில் சட்டம் எங்கே வந்தது என்றுதான் அப்பாவும் கேட்டார். அப்பாவுக்குச் சின்னமனூரில் உரக்கடை. அரசாங்கம் என்றாலே அவருக்கு லைசென்ஸும் சோதனையும்தான்.

“எம்பிள்ளைக்கு என் வீட்டுல வச்சு நான் சொல்லிக்குடுக்க, கவர்மெண்டு எதுக்கு ஊடால வருது?”

“அங்கன அப்படித்தாண்ணே. பிள்ளை ஒண்ணு பள்ளிக்கூடத்துல இருக்கணும், இல்ல அனுமதி வாங்கி வீட்டுல படிக்கணும். ரெண்டும் இல்லைன்னா பிள்ளைக்கு விசாவே தர மாட்டாக.”

அனுமதி என்றால் சும்மா இல்லை. யார் சொல்லிக் கொடுக்கப் போகிறார்களோ அவர் பெயரில்தான் தருவார்கள். அவர் படித்த படிப்புக்குச் சான்று வேண்டும். அவரேதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ட்யூஷன் வாத்தியாரை வைத்துக்கொள்ளக் கூடாது, வேறு யாரிடமும் தள்ளிவிடவும் கூடாது. இன்ன பாடம், தினமும் இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு. அந்தத் தீவின் சரித்திரமும் கொஞ்சம் நடத்தியாக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை கல்வி இலாகா அதிகாரி படகேறி வந்து, பிள்ளை உட்கார்ந்து படிக்கிற இடத்தைப் பார்ப்பார், பாடம் நடத்தச் சொல்லிக் கேட்பார். அவர் சரி என்றால்தான் அடுத்த வருடத்துக்கு அனுமதி.

அத்தை கல்லூரியில் கணக்கு படித்தவள். பரீட்சை எழுதிய கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. பட்டச் சான்றிதழ் எங்கள் வீட்டு மாடியில் பச்சை பீரோவுக்குள், பழைய பட்டுப்புடவைகளுக்கு அடியில் தங்கிவிட்டது. தீவு கேட்ட பிறகுதான் அப்பா அதைத் தேடி எடுத்து கூரியரில் அனுப்பினார். அந்தக் காகிதத்தை முதன்முதலில் ஏதோ ஒரு வேலைக்குக் கேட்டது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓர் அரசாங்கம் என்பது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இருந்த மாதங்களிலும் அத்தை பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் காலையில் மாடியேறிவிடுவாள். அந்தப் பச்சை பீரோதான் கரும்பலகை. கதவில் சாக்பீஸால் எழுதினால் பளிச்சென்று தெரியும். எனக்கு முழுப் பரீட்சை லீவு. அத்தை மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. விளையாட ஆள் வேண்டுமென்று மேலே போனவள் அப்படியே மாணவியாகிவிட்டேன்.

மாடியில் இருந்தவள் வேறு அத்தை. குரல் கணீரென்று இருக்கும். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். அந்த அறைக்குள் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது, மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் மிஸ் என்றேன். எங்கள் பள்ளியில் ஒரு வருடமாகப் பிடிபடாத பின்னக் கணக்கை, ஒரு வாழைத்தாரை மாடிக்கு இழுத்துவரச் சொல்லி, சீப்பு சீப்பாக வெட்டி வைத்து ஒரே காலையில் புரியவைத்துவிட்டாள். பாடம் முடியும்போது கதவின் கீழ் மூலையில் ஒரு கணக்கு எழுதுவாள். அதற்கு நாளைக் கணக்கு என்று பெயர். அன்றைக்கு அதைப் போடக் கூடாது. ராத்திரியெல்லாம் மனசுக்குள் கிடந்து ஊறட்டும் என்பாள்.

படி இறங்கியதும் அந்த மிஸ் காணாமல் போய்விடுவாள். கீழே இருந்த அத்தை, அப்பா பேசும்போது குறுக்கே பேச மாட்டாள். கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அடுப்படி நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்வாள். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. எங்கள் வீட்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நின்றார்கள்.

ஒருநாள் அத்தை மகள் என்னிடம் ஒரு ரகசியம் சொன்னாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

“அங்கன எங்கப்பாதான் சோறாக்குவாக. துணியும் அவுகதான் துவைப்பாக. அம்மா பாடம் நடத்துற நேரத்துல அடுப்படிப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிருக்காக.”

மாமா தோசை சுடுவதை நினைத்து நினைத்து அன்று முழுக்கச் சிரித்தேன். ஆனால் அது வெளியே தெரிந்தால் மார்க்கையன்கோட்டையில் மாமாவின் அப்பா தலை காட்ட முடியாது என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அவர் ஊருக்குள் சொல்லிவைத்திருந்த கதை வேறு. தன் மகன் வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்து, அந்த நாட்டு அதிகாரிகளிடமே பேர் வாங்கியிருக்கிறான் என்று ஒரு டீக்கடை விடாமல் சொல்லிவைத்திருந்தார். பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னவரில்லை. படிப்பு சம்பந்தமாக ஒன்று நடக்கிறது என்றால் அதை மகன்தான் செய்திருப்பான் என்று அவராகவே எடுத்துக்கொண்டார். யாரும் திருத்தவில்லை.

அத்தை மகளுக்குத் தம்பி பிறந்தான். மாமா லீவில் வந்து, எல்லோரும் சேர்ந்து திரும்பிப் போக டிக்கெட் போட்டாயிற்று. அந்தச் சமயத்தில்தான் அந்த வருடத்துச் சோதனை வந்தது. ஊரில் இல்லாததால் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோம் என்று இலாகாவில் சொல்லிவிட்டார்கள். புதிதாக வந்த அதிகாரி, இதற்கு முன் அத்தையைப் பார்த்தவரில்லை.

மாடியிலேயே லேப்டாப்பை வைத்துக்கொள்கிறேன் என்றுதான் அத்தை சொன்னாள். அப்பா கேட்கவில்லை.

“அங்கன ஒரே தூசி. பீரோவும் பழைய மூட்டையுமாக் கெடக்கு. வெளிநாட்டு ஆபீசர் பாக்குறாருன்னா நம்ம வீடு லச்சணமா இருக்க வேண்டாமா? கூடத்துல வைப்போம்.”

எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் ஆள் குறைந்ததே இல்லை. பெண் பார்க்க வருகிற மாதிரி தடபுடலாகிவிட்டது. அம்மா புது ஸ்கிரீன் துணி மாட்டினாள். அத்தை மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, என் சங்கிலியையும் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். கரண்ட் போனால் என்ன செய்வதென்று அப்பா கடையிலிருந்து இன்வெர்ட்டரைத் தூக்கிவந்தார். மார்க்கையன்கோட்டையிலிருந்து மாமாவின் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் நாலு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, லேப்டாப்புக்கு நேர் எதிரே சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பேத்தி பரீட்சை எழுதுகிறாள், நாம் கூட இருந்தால் பிள்ளைக்குத் தெம்பு என்பது அவர் எண்ணம். எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

திரையில் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதி புரிந்தது. மீதியை அத்தை மகள் அப்புறம் சொன்னாள். முதலில் அவளிடம் கேள்வி கேட்டார். பின்னம், பூமியின் சுழற்சி, அந்தத் தீவுக்குக் கொடி வந்த கதை, எல்லாவற்றுக்கும் மணி மணியாகப் பதில் சொன்னாள். மாமாவின் அப்பா ஒவ்வொரு பதிலுக்கும் கூட வந்தவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அதிகாரி, சொல்லிக் கொடுப்பவர் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரட்டும் என்றார். பக்கத்துச் சேர் காலியாக இருந்தது. அத்தை தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியிலிருந்து வந்தாள். எதிரே மாமனார் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சமமாக அவள் ஒருநாளும் சேரில் உட்கார்ந்ததில்லை. சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆபீசர் என்ன கேக்குறாரு?” என்றார் மாமனார்.

“யாரு சொல்லிக்குடுக்குறதுன்னு கேக்குறாருப்பா” என்றார் மாமா.

“இதுல கேக்க என்ன இருக்கு? எம்மகன்தான்னு சொல்லு. நைட்டு பகலுன்னு பாக்காம அவந்தான பிள்ளையப் படிக்கவைக்கிறான்.”

கூட வந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். மாமா லேப்டாப்பைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்ப வீட்டு வேலையெல்லாம் யாருடா பாக்குறது என்றுதான் வரும். அதுவும் அந்த நாலு பேருக்கு முன்னால்.

அதிகாரி நேராக அத்தையிடமே கேட்டார். அத்தை மகள் வாயைத் திறந்தாள். அத்தை கண்ணாலேயே அவளை அடக்கிவிட்டாள். மாடியில் கணீரென்று கேட்ட குரல் அன்று கூடத்தில் அடுத்த ஆளுக்குக்கூடக் கேட்கவில்லை.

“மை ஹஸ்பண்ட் ஒன்லி, சார். ஐ ஆம் ஜஸ்ட் ஹெல்ப்பிங்.”

எங்கள் ஊரில் அது ஒரு மரியாதை. எங்கள் அம்மா நாள் முழுக்க நின்று பலகாரம் சுட்டாலும், யாராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், எல்லாம் அவுக வாங்கிக் கொடுத்த நெய்தான் என்பாள். கேட்பவருக்கும் உண்மை தெரியும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தத் தீவு அதிகாரி எங்கள் ஊர்க்காரர் இல்லையே. அத்தை சொன்ன சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அனுமதி உங்கள் பெயரில் இருக்கிறதம்மா, நீங்கள்தானே ஆசிரியர் என்று இன்னொரு தடவை கேட்டார். இப்போது நினைத்தால், அந்த மனிதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். அத்தை தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டே, எல்லாம் அவுகதான் என்பதையே மறுபடியும் இங்கிலீஷில் சொன்னாள். பிறகு அதிகாரி மாமாவிடம், கணக்கில் இப்போது என்ன பாடம் ஓடுகிறது என்று கேட்டார். மாமா, எல்லாம் ஓடுகிறது சார் என்றார். பின்னத்தில் எதுவரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்றார். மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு, தம்பியைப் பார்த்து அழகான குழந்தை என்று சொல்லிச் சிரித்தார். நன்றி சொல்லித் திரையை அணைத்தார்.

சிரித்துவிட்டுப் போனார் என்பதால் பாஸ் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மா கேசரி கிண்டினாள். மாமாவின் அப்பா எனக்கும் அத்தை மகளுக்கும் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தார்.

சில நாளில் மாமாவின் மெயிலுக்கு இலாகாவின் பதில் வந்தது. பிள்ளை நன்றாகப் படிக்கிறது, சந்தோஷம். ஆனால் அனுமதி பெற்றவர் வேறு, கற்பிப்பவர் வேறு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கற்பிப்பதாகச் சொல்லப்பட்டவருக்குப் பாடம் தெரியவில்லை. ஆகவே அனுமதி நீட்டிக்கப்படாது. அடுத்த கல்வியாண்டில் புதிதாக விண்ணப்பிக்கலாம். பக்கத்துத் தீவுப் பள்ளியிலோ அந்த வருடச் சேர்க்கை முடிந்திருந்தது. இரண்டும் இல்லையென்றால் பிள்ளைக்கு விசாவும் இல்லை.

அத்தை உண்மையை எழுதிவிடலாம் என்றாள். மாமா பயந்தார்.

“சொன்னது பொய்யின்னு நாமளே எழுதிக்குடுத்தா, அப்புறம் நாம சொல்ற எதை நம்புவாக? என் வேலைக்கே உலை வச்சிரும்.”

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு வருடம்தானே, பிள்ளை இங்கேயே இருந்து படிக்கட்டும், தாய்மாமன் வீட்டில் என்ன குறை என்று அப்பா நெஞ்சைத் தட்டிச் சொன்னார். அதையும் நல்ல மனசோடுதான் சொன்னார். அத்தை நிலைப்படியில் நின்றபடி சரி என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் பள்ளி, என் வகுப்பு, என் பெஞ்சு. அவளுக்குப் புது யூனிஃபார்ம் தைக்க அளவெடுக்கும்போது டெய்லர் கடையில் குதித்துக்கொண்டே இருந்தேன். அவள் கையை விரித்து நின்றாள், டெய்லர் திரும்பச் சொன்னதும் திரும்பினாள்.

அந்த ஒரு வருடம் முடிவதற்குள் அவள் வயதுக்கு வந்துவிட்டாள். பெரிய மனுசியான பிள்ளையைக் கடல் தாண்டி, பள்ளிக்கூடம்கூட இல்லாத தீவுக்கு எதற்கு அனுப்புவது என்று மார்க்கையன்கோட்டையிலிருந்து சொல்லிவிட்டார்கள். அத்தை ராத்திரிகளில் போனில் கூப்பிட்டு, என்ன பாடம் நடந்தது, எது புரியவில்லை என்று கேட்பாள். முதலில் இவள் ஆசையாகச் சொல்வாள். போகப் போக எல்லாம் புரிந்தது என்று சொல்லி போனை என் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். தம்பி வளர்ந்ததும் அத்தை அவனைப் படகில் பள்ளிக்கு அனுப்பினாள். மழையோ காற்றோ, அவனை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்பாளாம். வீட்டில் சொல்லிக் கொடுக்க மறுபடி அனுமதி கேட்கவே இல்லை.

அத்தை மகள் இப்போது தேனியில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள். நல்ல பிள்ளை, யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டாள். அத்தை லீவில் வந்தால், “வாங்க, சாப்பிட்டீகளா, பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?” என்று விருந்தாளியை விசாரிப்பதுபோல விசாரிக்கிறாள். என் அம்மாவிடம்தான் சண்டை போடுகிறாள், மடியில் படுத்துக்கொள்கிறாள். அத்தை அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறாள்.

அத்தையும் மாமாவும் தம்பியை மட்டும் தூக்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறிய நாளை எல்லோரும் அழுதுகொண்டே பேசுவார்கள். எனக்கு என்னவோ திரும்பத் திரும்ப வருவது அந்தக் கேசரி கிண்டிய மத்தியானம்தான். கீழே ஒரே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. அத்தைக்கு ஒரு கிண்ணத்தில் கேசரி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் ஈரத்துணியால் பீரோக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதில் மெயில் வர இன்னும் நாள் இருந்தது. அதிகாரி கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் சட்டத்தைப் படித்திருந்த ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது.

அது எனக்குத் தெரியாதே. பரீட்சை முடிந்துவிட்டது, இனிமேல் லீவு என்று நினைத்துக்கொண்டு நானும் ஒரு துணியை நனைத்து எடுத்துக்கொண்டேன். மேல்பாதியை அவள் துடைத்தாள், எனக்கு எட்டிய கீழ்ப்பாதியை நான் துடைத்தேன். மூலையில் அன்று காலை எழுதிய கணக்கு அப்படியே இருந்தது.

“மிஸ், நாளைக் கணக்கையும் அழிச்சிரவா?”

அத்தை துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பிழிந்துகொண்டே இருந்தாள்.

“அழிச்சிரு ஆத்தா” என்றாள். “இனிமே அத்தைன்னே கூப்பிடு.”

நான் துணியை அழுத்திப் பிடித்து, அந்த இடத்தில் எழுத்து இருந்த தடமே தெரியாமல் துடைத்துக் கொடுத்தேன். நன்றாகத் துடைத்திருக்கிறேனா என்று அவளைத் திரும்பியும் பார்த்தேன்.